இட்டேரியில் வரும் லாரி

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"பொள்ளாச்சிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊருக்குத் தெற்கே குட்டை. அதற்குத் தண்ணீர் வரும் பள்ளத்தை ஒட்டி இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி உள்ள வண்டிப்பாதை) போகிறது. ஆடி மாதக் கடைசியிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை ராத்திரி ஒரு மணி வாக்கில் லாரி வந்து பள்ளத்தில் குப்பை கொட்டிவிட்டுப் போகிறது. பிளாஸ்டிக், மலையாளம் அச்சடித்த பால் கவர், நடுநடுவே குளுக்கோஸ் பாட்டில், ஊசி. விடியற்காலையில் யாரோ தீ வைத்துவிடுகிறார்கள். வி.ஏ.ஓ.வைக் கேட்டால் ஊராட்சியைக் கேளுங்கள் என்கிறார். ஊராட்சிச் செயலரைக் கேட்டால் அது பொதுப்பணித்துறை இடம் என்கிறார். எங்கள் ஊர்க் குப்பையும் அங்கேதான் போகிறது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இளவட்டப் பையன்கள் லாரியை மடக்கியே தீருவது என்று நிற்கிறார்கள். பள்ளத்துக்குப் பக்கத்துத் தோப்பு என் வீட்டுக்காரருக்குப் பங்காளி ஆகிறவருடையது. அவர் காசு வாங்கிக்கொண்டுதான் வழி விடுகிறார் என்று ஊரில் பேச்சு. நாங்கள் யாரிடம் புகார் கொடுப்பது? என் பெயர் வெளியே வருமா? லாரியை மடக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் அந்தக் குவியலுக்குள் இறங்க வேண்டாம். குச்சியால் கிளறுவதும் வேண்டாம். குழந்தைகளை மட்டுமல்ல, உங்கள் ஊராட்சித் தூய்மைக் காவலர்களையும் அங்கே விடாதீர்கள். ரப்பர் செருப்போடு இறங்கி வெறுங்கையால் அள்ளுகிறவர்கள் அவர்கள்தான். மஞ்சள் காமாலையில் பி வகைக் கிருமி, உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும். யாருக்காவது ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது இதில் மட்டும் கூடாது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வி.ஏ.ஓ. ஊராட்சியைக் காட்டுகிறார், ஊராட்சி பொதுப்பணித்துறையைக் காட்டுகிறது. இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடம் யார் பொறுப்பு என்று அவர்களில் யாரும் ஆவணத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். குப்பை யாருடையது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க மாதக்கணக்காகும். நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். அதனால் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஏரிக்கரையில் கோழிக் கழிவு கொட்டுவதை எதிர்த்து ஒரு மனு எழுதினேன். பதினொரு பக்கம். அரசியல் சாசனம் ஒரு பக்கம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மூன்று பக்கம், பின்னால் அறுபது போட்டோ. ஒரு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "மனுவில் இடம் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை." எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த அலுவலர் சொன்னது சரிதான். பதினொரு பக்கத்தில் புல எண் (நிலத்தின் சர்வே நம்பர்) ஒரு இடத்தில்கூட இல்லை. புல எண் இல்லாத மனு, கதவு எண் போடாத கடிதம் மாதிரி. தபால்காரர் நல்லவராக இருந்தால்கூட வீடு போய்ச் சேராது.

ஆகவே வி.ஏ.ஓ.விடம் இந்தத் தடவை புகாரோடு போகாதீர்கள், அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களை எண் வாரியாக எழுதி வைத்திருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்த இடத்தின் புல எண்ணும் வகைப்பாடும் கேட்டுப் போங்கள். பட்டா, சிட்டா பார்க்கிற அதே அரசு இணையதளத்தில் அ-பதிவேடும் பார்க்கலாம். ஊர்ப் பையன்கள் யாராவது செல்போனிலேயே எடுத்துத் தருவார்கள். நம் பக்கம் ஓடையைத்தான் பள்ளம் என்கிறோம். பதிவேட்டில் அது "ஓடைப் புறம்போக்கு" என்றோ "பள்ளம் புறம்போக்கு" என்றோ இருக்கலாம். இட்டேரி "வண்டிப்பாதை" என்று தனி எண்ணில் இருக்கும். குட்டைக்கு வேறு எண். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். புலப்படத்தின் (நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் வரைபடம்) நகலும் கிடைத்தால் நல்லது. கொட்டுகிற இடம் தோப்புக்காரரின் பட்டா எல்லைக்குள் எவ்வளவு வருகிறது, புறம்போக்கில் எவ்வளவு வருகிறது என்பது அதில்தான் தெரியும். இது பின்னால் பெரிய விஷயமாகும்.

நீர்நிலை யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஒரு பொதுவான கணக்கு உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள குளம், ஏரி என்றால் நீர்வளத்துறை (செயலர் பழக்கத்தில் பொதுப்பணித்துறை என்கிறார்). அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உங்கள் ஊர்க் குட்டைக்கு 40 ஹெக்டேர் ஆயக்கட்டு இருக்கப் போவதில்லை. எனவே செயலர் கைகாட்டிய திசை தவறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த விவரங்கள் கையில் வந்தபிறகு மனு எழுதுங்கள். ஒரு பக்கம், மிஞ்சிப் போனால் ஒன்றரைப் பக்கம். மாவட்ட ஆட்சியருக்கு ஒரே மனு. அதன் அடியிலேயே "நகல்" என்று போட்டு சார் ஆட்சியர், வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், காவல் ஆய்வாளர் ஆகியோரின் பதவிகளை எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் "எங்களுடையது இல்லை" என்பார்கள். ஒரே தாளில் ஐந்து பேர் பதவியும் இருந்தால், இல்லை என்று சொல்கிறவர் யாருடையது என்றும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்; ஊராட்சிகளில் அந்தப் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. ஆகவே வட்டார வளர்ச்சி அலுவலரை விட்டுவிடாதீர்கள்.

வாசகம் இப்படி இருந்தால் போதும்: "__ கிராமம், புல எண் __, ஓடைப் புறம்போக்கில், __ தேதி முதல் இரவு நேரங்களில் லாரி மூலம் பிளாஸ்டிக் கழிவும் மருத்துவக் கழிவும் கொட்டப்பட்டு, எரிக்கப்படுகின்றன. நாங்கள் நேரில் பார்த்த தேதிகள்: __, __, __. இந்த ஓடையின் நீர் புல எண் __ குட்டையில் சேர்கிறது. குட்டையிலிருந்து __ மீட்டர் தூரத்தில் ஊராட்சிக் குடிநீர் ஆழ்துளைக் கிணறு உள்ளது. மருத்துவக் கழிவை உரிய முறையில் பிரித்து அகற்றவும், கொட்டியவர்கள் மீது வழக்குப் பதிவு செய்யவும், நீர் மாதிரி எடுத்துச் சோதிக்கவும், வண்டிப்பாதையில் லாரி நுழையாதபடி தடுப்பு அமைக்கவும் வேண்டுகிறோம்." அவ்வளவுதான். "சமூக விரோதிகள்", "அதிகாரிகளின் மெத்தனப் போக்கு" எல்லாம் வேண்டாம். அந்தச் சொற்கள் மேடைக்கு நன்றாக இருக்கும். மனுவில் அவை படிக்கிறவரை முதல் வரியிலேயே எதிராளி ஆக்கிவிடும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள் (பதிவுத் தபாலை இப்போது அதோடு இணைத்துவிட்டார்கள்). 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அங்கே பதிகிற புகாரும் சுற்றிவந்து கடைசியில் அதே வட்டார அலுவலக மேசைக்குத்தான் வரும். ஒரு மாதம் ஆகியும் அசைவு இல்லை என்றால், பத்து ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போடுங்கள்: "எனது __ தேதியிட்ட, __ எண்ணுள்ள மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும்." முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதிலைவிட, அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தவுடன் கோப்பு நகரத் தொடங்குவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆதாரம். உங்கள் கடிதத்தில் "கேரளாக் கழிவு" என்று எங்கேயும் எழுதாமல், மலையாளம் அச்சடித்த பால் கவர் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லைப் பக்கத்து ஊரில் மலையாள எழுத்து உள்ள கவர் எந்த வீட்டிலும் இருக்கும். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று காட்டுமே தவிர, யார் கொட்டியது என்று காட்டாது. யார் என்று காட்டுவது காகிதம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் ஊர்களில் மருத்துவக் கழிவு கொட்டிக்கிடந்தது நினைவிருக்கும். குவியலுக்குள் கிடந்த மருத்துவமனைச் சீட்டுகள்தான் திருவனந்தபுரம் வரைக்கும் வழி காட்டின. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கேரள அரசே மூன்று நாளில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த மாநில அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டினவரையே திரும்ப அள்ள வைத்தது நம் ஊரில் அபூர்வமாக நடக்கிற காரியம். ரசீதும் மருந்துச் சீட்டும் கிடைத்ததால்தான் அது நடந்தது.

அதற்காக நீங்கள் கிளறித் தேட வேண்டியதில்லை. மேலாகக் கிடக்கிற லேபிள், கூரியர் கவர், பில், பைகளில் ஒட்டிய பார்கோடு இவற்றைத் தள்ளி நின்று ஜூம் செய்து படம் எடுங்கள். மருத்துவக் கழிவுப் பையில் பார்கோடு இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. எந்த மருத்துவமனைப் பை என்று அதை வைத்து வாரியத்தால் கண்டுபிடிக்க முடியும். படத்திலேயே தேதியும் இடமும் பதிகிற செயலிகள் இருக்கின்றன, அதில் எடுங்கள். எடுத்த போனிலேயே மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தேதி, இட விவரம் உதிர்ந்துவிடும். நாளைக்கு நீதிமன்றத்தில், படம் எடுத்தவரே அந்தப் போனைப் பற்றிச் சான்று எழுதித் தர வேண்டி வரும் (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63). அதனால் யார் எடுத்தது என்பதும் தெளிவாக இருக்கட்டும். இன்னொன்று, மருந்துச் சீட்டில் நோயாளி பெயர் இருக்கும். அவர் யாரோ ஒரு அப்பாவி. அதை ஊர் குரூப்பில் போடாதீர்கள். அதிகாரிக்கு மட்டும் கொடுங்கள்.

கூடவே ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், லாரியின் நிறம், எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போனது, பார்த்தது யார் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். வண்டி எண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நேரம் சரியாக இருந்தால் மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க், பால் சொசைட்டி, சோதனைச் சாவடி கேமராக்களில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதனால் லாரி வந்த மறுநாளே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, இந்த இந்தக் கேமராப் பதிவுகளை எடுத்து வைக்கக் கேளுங்கள்.

இளவட்டங்களுக்கு வருவோம். "லாரியை சிறைபிடித்த பொதுமக்கள்" என்று செய்தித்தாளில் வாரம் ஒரு தலைப்பு வருகிறது. படிக்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் சட்டத்தில் அந்தச் சொல்லே ஆபத்து. ஒருவரை வழிமறித்து நிறுத்துவதும் போகவிடாமல் அடைத்து வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 126, 127 பிரிவுகளில் குற்றங்கள். டிரைவர் மேல் ஒரு அடி விழுந்தாலும், மறுநாள் காலையில் உங்கள் ஊர்ப் பையன்கள் குற்றவாளிகள், லாரிக்காரர் புகார்தாரர். வழக்கைத் தலைகீழாகப் புரட்ட எதிர்த்தரப்பு காத்திருக்கிற வாய்ப்பு அதுதான். தவிர, அந்த டிரைவர் பெரும்பாலும் இந்தப் பக்கமிருந்து காய்கறியோ சிமெண்டோ ஏற்றிப்போய், திரும்பும்போது காலி வண்டிக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ கிடைக்கிறதே என்று ஏற்றிக்கொண்டு வருகிறவராக இருப்பார். அவரை அடித்தால் ஏற்றிவிட்டவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்.

அப்புறம் என்னதான் செய்வது? வண்டி இட்டேரிக்குள் நுழைந்ததைப் பார்த்தவுடனே 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். ஒருவர் இல்லை, நாலு பேர் நாலு போனிலிருந்து. ஒவ்வொரு அழைப்பும் நேரத்தோடு பதிவாகும். வெளிச்சம் அடித்து வீடியோ எடுங்கள், பத்துப் பதினைந்து பேராக, பெண்களும் சேர்ந்து, கை வைக்காமல் நில்லுங்கள். ஆள் கூடிவிட்டார்கள் என்று தெரிந்தாலே பாதி வண்டிகள் கொட்டாமல் திரும்பிவிடும். திரும்பினால் திரும்பட்டும், எண் கிடைத்துவிடுமே. துரத்திக்கொண்டு பைக்கில் போகவே கூடாது.

தண்டனை என்ன என்று பையன்கள் கேட்பார்கள். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இல் ஐந்து ஆண்டுவரை சிறை என்று இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து அதில் கொட்டுகிறவருக்குச் சிறை இல்லை, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம்தான். 15 லட்சம் விழுந்தால் வலிக்கும். பத்தாயிரம் என்றால் கான்ட்ராக்டருக்கு அது டீசல் செலவு. மருத்துவமனையிடம் கிலோ கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, சுத்திகரிப்பு ஆலைக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் உங்கள் பள்ளத்தில் கொட்டினால் அந்த மிச்சம் முழுக்க லாபம் அல்லவா? இந்த மாற்றத்தை நான் நல்லதென்று நினைக்கவில்லை. அதனால்தான் வாரியத்துக்கு மட்டும் எழுதாமல் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுக்கச் சொல்கிறேன். நோய் பரவக்கூடிய கவனக்குறைவான செயல் (பிரிவு 271), பொது நீர்நிலையை மாசுபடுத்துதல் (பிரிவு 279) இரண்டும் நியாய சன்ஹிதாவில் இன்னும் சிறைத்தண்டனைக்குரியவை. இது போக, மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கலாம் என்று தமிழக சட்டமன்றம் 2025-இல் திருத்தம் நிறைவேற்றியிருக்கிறது. தடுப்புக் காவல் சட்டங்கள் மேல் எனக்குப் பொதுவாகவே மரியாதை கிடையாது. ஆனாலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று காவல்துறைக்குத் தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியையும் சொல்கிறேன். பொள்ளாச்சியில் சார் ஆட்சியர் இருக்கிறார். அவர் நிர்வாக நடுவரும்கூட. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு போட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் இது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊரில் சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு தெருக்காரர்கள் இதே பிரிவில்தான் நடுவரிடம் போனார்கள். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போய், "எங்களிடம் நிதி இல்லை" என்றது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நிதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பு எழுதினார். "ஜே.சி.பி. வாடகைக்கு ஊராட்சியில் பணம் இல்லைங்க" என்று செயலர் சொல்லும்போது இது உங்களுக்கு உதவும். சார் ஆட்சியருக்குப் போகிற நகலில் மட்டும் "152-ஆம் பிரிவின்கீழ் உத்தரவிட வேண்டுகிறோம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். ஆனால் கெடு ஒன்று உண்டு: பிரச்சினை முதன்முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் மேலும் அறுபது நாள் தருவார்கள். ஆடிக் கடைசியில் தொடங்கியது என்கிறீர்கள். தை முடிந்தால் ஆறு மாதம். அதனால் மனுக்களை இந்தக் கார்த்திகையிலேயே கொடுத்து முடியுங்கள், மார்கழி முழுக்கக் காத்திருங்கள், பொங்கல் கழிந்ததும் முடிவெடுங்கள். உள்ளூர் நிருபர் யாராவது எழுதினால் அதுவும் நல்லதே. செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கெடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் பெயர் வெளியே வருமா? வரும் என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள். மனுக்களின் நகல் எதிராளி கைக்குப் போவது சட்டப்படி நடக்கக் கூடாதது, ஆனால் நடக்கிறது. பெயரில்லாத மொட்டை மனுவை யாரும் மதிப்பதில்லை. அதற்கு ஒரே மருந்து கூட்டம்தான். மகளிர் குழுவில் பேசுங்கள். இருபது பேர் கையெழுத்துப் போட்டால் இதில் யாரைப் போய் மிரட்டுவது என்று அவர்களுக்கும் குழப்பம் வரும். கையெழுத்தை வட்டமாகப் போடச் சொல்லுங்கள், முதல் பெயர் எது என்று தெரியாது. பழைய தந்திரம்தான், இன்றைக்கும் செல்லுபடியாகிறது. வரும் ஜனவரி 26 கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக எழுத வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது ஊர் புகார், உங்கள் புகார் இல்லை.

இப்போது சங்கடமான பகுதி. உங்கள் ஊர்க் குப்பையும் அங்கேதான் போகிறது என்பது. விசாரணைக்கு வரும் அலுவலர் முதலில் பார்க்கப் போவது அதைத்தான். "ஊரே கொட்டுதுங்க, லாரியை மட்டும் குத்தம் சொல்றாங்க" என்று குறிப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார். அதைவிட முக்கியம், லாரிக்காரர் ஏன் உங்கள் இட்டேரியைத் தேர்ந்தெடுத்தார் என்பது. கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் எல்லை தாண்டித் தோப்புகளுக்குள் நுழையும் சின்ன வழிகளுக்குக் குறைவே இல்லை. அத்தனையிலும் ஏற்கெனவே குப்பை கிடக்கிற, வெளிச்சம் இல்லாத, திரும்ப இடம் இருக்கிற ஒன்றைத்தான் தேடுவார்கள். கிடக்கிற குப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு லோடு விழுந்தால் ஒரு வாரத்துக்கு யாருக்கும் தெரியாது. சுத்தமான இடத்தில் விழுந்தால் பால் கறக்கப் போகிறவர் கண்ணிலேயே விடியுமுன் பட்டுவிடும்.

எனவே மனு கொடுத்த அன்றிலிருந்து ஊர்க் குப்பை அங்கே போகாமல் நிறுத்துங்கள். உங்கள் ஊராட்சியிலும் மண்புழு உரக்கூடம் என்று ஒரு கொட்டகை கட்டிப் பூட்டிப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதைத் திறக்க வைப்பதுதான் முதல் வேலை. மக்கும் குப்பை அங்கே போனால், மிச்சம் இருக்கிற பிளாஸ்டிக் வாரத்துக்கு நாலு மூட்டைதான் வரும். அதை ஒன்றியம் எடுத்துக்கொண்டு போக ஏற்பாடு கேட்கலாம்.

ஆனால் பள்ளத்தை நீங்களே சுத்தம் செய்துவிடாதீர்கள். நல்ல மனசோடு ஊர்கூடி ஜே.சி.பி. வைத்து மண் தள்ளி மூடிய இடங்களில் வழக்கே செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆதாரம் மண்ணுக்கடியில் போய்விடும், மருத்துவக் கழிவும் அங்கேயே இருந்து ஊறி இறங்கும். வாரிய அலுவலர் வந்து பார்த்து, மாதிரி எடுத்து, மகஜர் (இடத்தில் பார்த்ததைச் சாட்சிகளோடு எழுதும் பதிவு) எழுதிய பிறகே அள்ள வேண்டும். நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் தண்ணீருக்கு வழக்கில் மதிப்பு குறைவு. குடிக்கிற தண்ணீர் பற்றிப் பயம் இருந்தால் அதைத் தனியாகக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அள்ளி முடித்த பிறகு முதல் பதினைந்து நாள்தான் எல்லாம். பெங்களூரில் பெயர் சொல்லாத தன்னார்வலர்கள் சிலர் பல வருடமாகக் குப்பை மேடுகளைத் துப்புரவு செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, தொட்டிச் செடி வைத்து மீட்கிறார்கள். சுத்தம் செய்தவுடன் அந்த இடம் ஆள் பார்த்துக்கொள்கிற இடம் மாதிரி தெரிய வேண்டும், அதுதான் சூட்சுமம். நம் ஊரில் சுவரில் சாமி படம் ஒட்டுகிறோமே, அதே யோசனைதான். இட்டேரியில் படம் ஒட்டச் சுவர் இல்லை. அங்கே ஒரு தெருவிளக்கு, நுழைவில் இரும்புத் தடுப்பு, பள்ளத்தின் ஓரமாக லாரி பின்னால் வர முடியாதபடி நீளமாக ஒரு குழி. தடுப்பு போடும்போது தேங்காய் ஏற்றும் டிராக்டரும் மாட்டுத்தீவன வண்டியும் போகிற அளவு பார்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் உங்கள் ஊர்க்காரரே வெல்டிங்கை உடைத்துவிடுவார். சாவி யாரிடம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தடுப்பு நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் அந்தச் சாவிச் சண்டையில்தான்.

விடியற்காலைத் தீ பற்றி ஒரு வார்த்தை. லாரிக்காரர் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார், நின்று தீ வைக்க அவருக்கு நேரம் இல்லை. வைக்கிறவர் உள்ளூர். நாற்றம் தாங்காமல் வைக்கலாம், செம்பு கம்பி எடுக்க வைக்கலாம், அடையாளம் அழிக்கச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டும் வைக்கலாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. ஆள் யார் என்று தெரிந்தால் முதலில் நேரில் சொல்லுங்கள். குளுக்கோஸ் பையும் டியூபும் எரிகிற புகையில் டையாக்சின் என்கிற நஞ்சு இருக்கிறது, அது அவர் வீட்டுப் பிள்ளைகள் மூக்குக்குள்ளும்தான் போகிறது.

கடைசியாக உங்கள் பங்காளி தோப்புக்காரர். அவர் காசு வாங்கினாரா இல்லையா என்பது இப்போதைக்கு ஊர்ப் பேச்சு மட்டுமே. மனுவில் அவர் பெயரை எழுதாதீர்கள். ஆனால் புலப்படம் கையில் வந்ததும், திங்கட்கிழமைக்கு முன்னால், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உங்கள் வீட்டுக்காரரையும் அவரிடம் அனுப்புங்கள். சண்டைக்கு இல்லை. கொட்டிய இடம் அவர் பட்டாவுக்குள் ஒரு சென்ட் வந்தாலும் நோட்டீஸ் முதலில் வருவது அவர் பெயருக்குத்தான் என்பதையும், அதற்குப் பிறகு லாரிக்காரரோ புரோக்கரோ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் படத்தை விரித்துக் காட்டிச் சொல்லட்டும். அவர் காசு வாங்கவில்லை என்றால் மனுவில் முதல் கையெழுத்து அவர் போடட்டும். வாங்கியிருந்தாலும் இப்போதே வாயைத் திறந்தால் அவர் சாட்சி, நோட்டீஸ் வந்தபிறகு திறந்தால் குற்றவாளி. நீங்களும் பையன்களும் நாலு மாதமாக ராத்திரி கண்விழித்துத் தேடுகிற ஆளின் போன் நம்பர், பேச்சு உண்மையாக இருந்தால், அவர் செல்போனில் இருக்கிறது.